நெமுருவின் இடது கண்

ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டில்
கம்பெனி பஸ் நிற்காது.
நெற்றியில் தெலுங்கு எழுத்து,
உள்ளே தூங்குகிற நாற்பது பேரில்
முப்பது பேர் தமிழ்.
தடா மேம்பாலம் ஏறும்போது
எனக்கு மட்டும் விழிப்பு வரும்.
பழவேற்காட்டு ஏரியின் சேற்று வாசம்
ஜன்னல் ரப்பருக்குள் புகுந்து வரும்.

இரவு ஷிப்ட். மூன்றாம் லைன்.
என் வேலை ஒரு முகத்தைப் பார்ப்பது.

நெமுரு.
கடல்நாய்க் குட்டி மாதிரி, கொழுக்கட்டை மாதிரி,
மாவில் பிடித்து வைத்துவிட்டு
யாரோ மறந்துபோன மாதிரி.
டயப்பரின் முன்பட்டையில்
தொப்புளுக்குக் கீழே வந்து உட்காரும்.
வலது கண் மூடியிருக்க வேண்டும்.
இடது கண் பாதி திறந்திருக்க வேண்டும்.
இரண்டரை மில்லிமீட்டர்.
கூடினால் பயந்த முகம், குறைந்தால் செத்த முகம்.
இனோசே சான் இதை வாயால் சொல்லவில்லை,
தன் முகத்தில் செய்து காட்டினார்.
நாகவேணி சிரித்ததில் மாஸ்க் நழுவியது.

பயிற்சி நாளில் கொடுத்த கையேடு
தொண்ணூறு பக்கம்.
நெமுரு பிறந்தது பனிக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை.
எடை, ஒரு முலாம்பழமும் ஒரு மூச்சும்.
பிடித்தது வெந்நீர்.
பிடிக்காதது கதவு தட்டும் சத்தம்.
நெமுருவுக்கு வயதாகக் கூடாது.
நெமுருவின் நிழல் இடப்பக்கம் விழக் கூடாது.
என் அடையாள அட்டையில்
எப்சிபா, ரத்த வகை, ஒரு எண்.
ரத்த வகையும் தப்பு.

முதலில் அது ஏதோ ஒரு
பென்சில் டப்பா மூடியில் மட்டும் இருந்ததாம்.
அப்புறம் கார்ட்டூன்.
அப்புறம் அதன் குழந்தைப் பருவம், தனி கார்ட்டூன்
(குழந்தைக்கு ஏது குழந்தைப் பருவம் என்று
கேட்கக் கூடாது).
டை கட்டி ஆபீஸ் போகும் நெமுரு.
கண்ணையே மூடாத சித்தி மகள் ஒருத்தி,
அவளுக்கு ஒரு சினிமா,
அந்த சினிமாவில் ஓரமாக வந்த தேநீர்க் கெண்டிக்கு
ஒரு செல்போன் விளையாட்டு.
எங்கள் தெருப் பங்காளிகள்கூட
இப்படிப் பிரிந்து பிரிந்து வீடு கட்டியதில்லை.

என் வீட்டில் ரூபனுக்கு அது தமிழ் பேசும்,
வலிந்து வரவழைத்த மதுரைக் குரலில்
"தூங்க விடுங்கப்பா" என்று.
நாகவேணி வீட்டில் அதே நெமுரு
தெலுங்கில், மரியாதையாக, கொஞ்சம் மூக்கால்.
நடுவில் எட்டு கிலோமீட்டர்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
சூலூர்பேட்டையில் பிள்ளைகள் இருவரும் சந்தித்து
யாருடைய நெமுரு பொய் என்று
அடித்துக்கொண்டார்கள்.
நாங்கள் விலக்கிவிடவில்லை.
டீ சூடாக இருந்தது.

ரூபன் கேட்பான்:
அம்மா, அது எப்பதான் தூங்கும்?
அறுபத்தெட்டு எபிசோடு பார்த்துவிட்டான்.
கண்ணயரப் போகும் ஒவ்வொரு முறையும்
யாராவது கதவைத் தட்டுகிறார்கள்.
அதுதான் கதை.
அதை வைத்துத்தான் அத்தனை பேருக்கும் சம்பளம்,
எனக்கும்.

நேற்று விடியற்காலை மூன்றரைக்கு
ஸ்ரீஹரிகோட்டாவில் ஏதோ ஏவினார்கள்.
ஷெட்டின் தகரம் முனகியது.
கருப்பு மை உருளை
மயிரிழை அசைந்திருக்க வேண்டும்.
பதினோரு நெமுரு வரிசையாக வந்தன
இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு.

இரண்டு வருஷத்தில் முதல்முறையாக
அது என்னைப் பார்க்கவில்லை.

பத்தை எடுத்துத் தொட்டியில் போட்டேன்.
பழகிய கை, அதுவே போட்டது.
பதினோராவதை விட்டுவிட்டேன்.
மடிப்பு மெஷின் அதை மூன்றாக மடித்தது.
கவர் வந்து மூடியது.
எந்த ஊர், எந்தப் பிள்ளையின் இடுப்பு,
பெட்டியில் எழுதியிருக்கவில்லை.

பின்னால் வந்து நின்ற இனோசே சான்
திரையில் எண்ணைப் பார்த்தார்.
நிராகரிப்பு: பத்து.
தலையசைத்தார்.
அவருக்கும் ஒரு கண் பாதிதான் திறந்திருந்தது.

ஆறரைக்குப் பஸ்.
மேம்பாலம் எப்போது போனதென்று தெரியவில்லை.
நாகவேணி தடாவில் இறங்கும்போது
தட்டி எழுப்பிச் சொல்லிவிட்டுப் போவாள் வழக்கமாக.
இன்று தட்டவில்லை.